மஞ்சள் பெட்டியும் ஒரு மாற்றல் மனுவும்

அவர் நான்கு முறை கட்சி மாறினார். மூன்று முறைதான் என்று சாதிக்கிறவர்கள் உண்டு. முதல் தடவையை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. அந்தத் தடவை அவர் எந்தக் கட்சியும் வேண்டாம் என்று தனியாக நின்று ஜெயித்து, போட்ட மாலை வாடுவதற்குள் மந்திரிகள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். தனியாக நிற்கிறேன் என்று ஊருக்குச் சொல்லி ஓட்டு வாங்கினவர் அங்கே போய் உட்கார்ந்தால் அதுவும் மாறினதுதான். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அந்த நான்கில் இரண்டு தடவை என் மனு அவரை நம்பிக் கிடந்தது. அதனால் எண்ணிக்கை எனக்குத் தப்பாது.

கட்சிகளின் பெயரை எழுதி இன்றைக்கு யாரோடும் சண்டைக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. அப்போது சென்னையில் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தவர்களை எங்கள் பக்கத்தில் மந்திரிக் கட்சி என்போம். ராட்டை சுற்றி ஜெயிலுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்களைக் கதர்க் கட்சி என்போம். இரண்டு கட்சிக்காரர்களும் அவரை 'மெம்பர்' என்றுதான் சொன்னார்கள். சட்டசபையில் இருந்த காலத்திலும் மெம்பர், தோற்று வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்திலும் மெம்பர். திருச்சி புத்தூரில் பங்களா, லால்குடிப் பக்கம் நிலம். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிடப் பெரிது. யாரையும் 'முடியாது' என்று சொல்லி அனுப்பினதில்லை. அந்தக் குணத்தை ஊரே புகழ்ந்தது. நானும் சில வருஷம் புகழ்ந்தேன்.

என் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வாழ்க்கைப்பட்டவள். பத்தொன்பது வயதில் கணவர் விஷஜுரத்தில் போனார். கையில் பதினோரு மாதப் பெண் குழந்தை. தலையை மழித்து மூலையில் உட்காரவைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது என் தகப்பனார் வந்து, என்னைப் போன்றவர்களைப் படிக்கவைக்கிற விடுதி ஒன்றில் சென்னையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு வருஷத்தில் அவரும் கண்ணை மூடினார். குழந்தையைக் கணவரின் தமையனார் வீட்டில் விட்டுப் போயிருந்தேன். அவர் மனைவிக்குக் குழந்தை இல்லை. டீச்சர் டிரெயினிங் முடித்து நான் திரும்பியபோது குழந்தைக்கு ஐந்து வயது. அது அவளை 'அம்மா' என்று கூப்பிட்டது. என்னைச் 'சித்தி' என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வேலை மணப்பாறையில் கிடைத்தது, ஜில்லா போர்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். குழந்தையை அழைத்துக்கொண்டு போகிறேன் என்றேன். தமையனார் வேதம் படித்தவர். கோபமே வராது. அதனாலேயே அவரோடு வாதாடுவது கஷ்டம்.

"நீ பள்ளிக்கூடம் போயிட்டா அந்த ஊர்ல கொழந்தைய யார் பாத்துப்பா? நான் தரமாட்டேன்னு சொல்லலை. ஸ்ரீரங்கத்துக்கே மாத்திண்டு வா. இதே வீதியில ஒரு ஜாகை பாத்துக்கோ. அன்னிக்கே கொழந்தைய உன் கையில ஒப்படைக்கிறேன். தாயார் சாட்சி" என்றார்.

அவர் சொன்ன சொல் மாறாதவர். அது எனக்கும் தெரியும். ஸ்ரீரங்கத்திலும் ஒரு போர்டு பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. ஆக, எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு காகிதம், முப்பது மைல் தூரத்துக்கு ஒரு மாற்றல் உத்தரவு. அது கிடைத்தால் என் பெண் எனக்கு.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் ரயிலேறித் திருச்சி வந்து, ஜங்ஷனிலிருந்து ஜட்கா பிடித்துக் காவேரிப் பாலம் தாண்டிப் போவேன். குழந்தைக்கென்று மணப்பாறை முறுக்கு வாங்கிப் போனேன். வெளியில் சுட்ட பண்டம் சமைக்கிற தளிகை உள்ளுக்கு ஆகாது என்று மாட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் ரிப்பன் வாங்கிப் போனேன். அதை வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் புறப்படும்போது குழந்தை அழவில்லை. அழவேண்டும் என்று நான் மனசுக்குள் ஆசைப்பட்டேன். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

மாற்றலுக்கு யாரைப் பிடிப்பது என்று எங்கள் தலைமை டீச்சரைக் கேட்டேன். அவர் கிறிஸ்துவர், நேரான மனுஷி. "ஆண்டவரைப் பிடிக்கலாம். இல்லாட்டி மெம்பரைப் பிடிக்கலாம். மெம்பர் வீடு புத்தூர்ல இருக்கு, கிட்டக்க" என்றார்.

முதல் தடவை நான் போனபோது அவர் மந்திரிக் கட்சியில் இருந்தார். தலைப்பாகை, கோட்டு, கழுத்தில் மடிப்பு அங்கவஸ்திரம். கூடம் நிறைய ஜனம். என் முறை வந்ததும் மனுவைப் படிக்காமலே கேட்டார்.

"என்ன டீச்சரம்மா, மாத்தலா?"

"ஆமாம். ஸ்ரீரங்கத்துக்கு. என் கொழந்தை அங்க இருக்கா."

"இதெல்லாம் ஒரு விஷயமா? போர்டு பிரசிடெண்டு நம்ம ஆளு. எழுதித் தரேன். நீங்க நிம்மதியா ஊருக்குப் போங்க. அடுத்த பள்ளிக்கூட வருஷம் ஸ்ரீரங்கத்துலதான் மணி அடிப்பீங்க" என்றார்.

என் எதிரிலேயே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தின் வாலைப் பார்த்தே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இப்படிச் சுலபமாக முடிகிற காரியத்துக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று தோன்றியது. அந்தக் கடிதம் போர்டு ஆபீஸில் மூன்று வருஷம் இருந்தது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நான் புத்தூருக்குப் போவேன். ஒவ்வொரு தடவையும் அவர் எனக்காகப் பிரசிடெண்டைக் கோபித்துக்கொள்வார். நான்காம் வருஷம் இடம் காலியாயிற்று. பிரசிடெண்டு என் பெயரைக் குறித்துவைத்திருப்பதாகக் குமாஸ்தா சொன்னார். அந்த மாதம் மெம்பர் கதர்க் கட்சிக்குப் போனார்.

டவுன்ஹாலுக்கு எதிரே பெரிய கூட்டம் போட்டு, கோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மேடையிலேயே கதர்ச் சட்டை மாட்டிக்கொண்டார் என்று பத்திரிகையில் வந்தது. மந்திரிக் கட்சியில் பதினைந்து வருஷம் கண்ணைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டதாகவும், இப்போதுதான் கட்டு அவிழ்ந்ததாகவும் பேசினாராம். கேட்டவர்கள் அழுதார்களாம். பிரசிடெண்டு அழவில்லை. மெம்பர் சிபாரிசு செய்த மனுக்களை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டச் சொல்லிப் பரணில் போட்டார். என் மனுவும் போயிற்று. என் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது.

எனக்கு அவர்மேல் அப்போது கோபம் வரவில்லை. அது பெரிய தப்பு. தேசத்துக்காக ஒருவர் கட்சி மாறும்போது என் மனுவைப் பற்றி நினைக்கிறோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஜெயிலுக்குப் போனவர்கள் எல்லாம் குடும்பத்தை விட்டுத்தானே போனார்கள், நமக்கு என்ன வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு மாகாணமே அமர்க்களப்பட்ட அந்தப் பெரிய தேர்தல் வந்தது. மெம்பர் கதர்க் கட்சி சார்பில் நின்றார். பெண்களுக்கு அந்தத் தடவைதான் கூட்டமாக ஓட்டு வந்தது. வரி கட்டுகிறவன் மனைவி என்றால் ஓட்டு உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவளுக்கும் உண்டு, அதில் நானும் சேர்த்தி. ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போய், வேண்டிய நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். கதர்க் கட்சிக்கு மஞ்சள்.

மெம்பர் மணப்பாறைக்கு வந்தபோது பள்ளிக்கூடத்துக்கு ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, ஆம்பளைங்க ஓட்டை நான் பாத்துக்கிறேன். பொம்பளைங்ககிட்ட என்னால பேச முடியாது. நீங்க இந்த ஊர்ல ஆறு வருஷமா இருக்கீங்க. எந்த வீட்டுக்குள்ளயும் போவீங்க. அவங்களுக்கு மஞ்சப் பெட்டிய மனசுல பதியவச்சிடுங்க. ஸ்ரீரங்கம் உத்தரவ நானே கையில கொண்டுவந்து தரேன்" என்றார்.

போர்டு டீச்சர் ஓட்டுக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்டேன். யோசனையும் என்னுடையதுதான், வேறு யார்மேலும் பழி போட முடியாது. வெறுமனே நிறத்தைச் சொன்னால் பெண்கள் மறந்துவிடுவார்கள், ஒரு மஞ்சள் கிழங்கை வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்துச் சத்தியம் வாங்கினால் மறக்கமாட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். மறுநாளே ஈரோட்டு மஞ்சள் ஒரு மூட்டை வந்து இறங்கியது.

ஆனால் நான் வெள்ளைப் புடவை. என் கையால் மஞ்சள் கொடுத்தால் யாரும் வாங்கமாட்டார்கள். வாங்கினாலும் கொடுக்க எனக்கு மனசு வராது. அதனால் என் வகுப்புப் பெண்களிடம் தாம்பாளத்தைக் கொடுத்து முன்னால் விட்டேன். நான் நாலடி தள்ளி நிற்பேன். பெண்களுக்கு ஒரு வாக்கியமும் சொல்லிக்கொடுத்திருந்தேன். "இந்த மஞ்சள் உங்க கழுத்துல நெலைக்கட்டும், அந்த மஞ்சள்லயே ஓட்டுப் போடுறேன்னு சொல்லுங்க" என்று அதுகள் கோரஸாகச் சொல்லும். வீட்டுக்காரி மஞ்சளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாலியைத் தொட்டு, "போடுறேன்" என்பாள். பதினைந்து நாளில் மூட்டை காலி. இவ்வளவு சாமர்த்தியம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

ஓட்டு நாளன்று வேறொரு தொல்லை இருந்தது. ஓட்டர்கள் ஜாபிதாவில் பெண்களை இன்னார் மனைவி என்றுதான் எழுதியிருந்தது. புருஷன் பெயரைக் கேட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள். ஒருத்தி வானத்தைக் காட்டுகிறாள், ஒருத்தி மலையைக் காட்டுகிறாள், சாவடி அதிகாரிக்குத் தலை சுற்றுகிறது. அடையாளம் சொல்வதற்கு டீச்சர்களைப் போட்டிருந்தார்கள். இதை எதிர்பார்த்து நான் என் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியையும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். அம்மா வாயை மூடிக்கொண்டு நிற்பாள், மகள் கணீரென்று அப்பா பெயரைச் சொல்லுவாள். என் மாணவிக்குப் பதில் அவள் குட்டித் தங்கையை அனுப்பிவிட்ட ஒரு வீட்டில் மட்டும் அந்தக் குழந்தை, "எங்கப்பா பேரு அப்பாதான்" என்று பிடிவாதமாக நின்றுவிட்டது. அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். அம்மாவும் பெண்ணுமாக ஜோடி ஜோடியாக வந்து போவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு எனக்கு அரை மணிக்குமேல் தாங்கவில்லை.

மெம்பர் அமோகமாக ஜெயித்தார். கதர்க் கட்சி ஆட்சிக்கும் வந்தது, ஜில்லா போர்டும் அவர்கள் கைக்குப் போயிற்று. இந்தத் தடவை மனு பரணில் தூங்கவில்லை. கொஞ்ச மாதத்தில் என் உத்தரவை டைப் அடித்தே விட்டார்கள். போர்டு ஆபீஸ் குமாஸ்தா அதை எனக்கு எடுத்துக் காட்டினார். புது பிரசிடெண்டு கையெழுத்துப் போடவேண்டியது மட்டும் பாக்கி, திங்கட்கிழமை போட்டுவிடுவார் என்றார். நான் சித்திரை வீதியில் ஒரு அறையும் சமையல் கட்டும் பேசி முடித்தேன். பெண்ணிடம் சொன்னேன். பன்னிரண்டு வயது, பாவாடையைக் கசக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க கெணறு இருக்கா சித்தி?" என்றாள்.

"இருக்கு. பவழமல்லி மரமும் இருக்கு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சனிக்கிழமைப் பத்திரிகையில் மெம்பர் கதர்க் கட்சியை விட்டு விலகிய செய்தி வந்தது. மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்று அறிக்கை. மந்திரி வேலை கொடுக்கவில்லை, அதற்கடுத்த காரியதரிசி வேலையும் கொடுக்கவில்லை என்று ஊர் பேசிற்று. சட்டசபையில் எழுந்து நின்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தாராம். திங்கட்கிழமை பிரசிடெண்டு என் உத்தரவில் கையெழுத்துப் போடவில்லை. அது மெம்பர் ஆளுக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் யாருடைய ஆளும் இல்லை, ஒரு பெண்ணின் அம்மா, அவ்வளவுதான் என்று அங்கே போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரோஷம் இருந்தால் பதவியை விட்டுவிட்டு மறுபடி நின்று ஜெயித்துக் காட்டட்டும் என்று கதர்க் கட்சிக்காரர்கள் மேடை போட்டுக் கேட்டார்கள். மெம்பருக்கு ரோஷத்துக்குக் குறைவில்லை. ராஜினாமா செய்துவிட்டு மறுபடி நின்றார், பச்சைப் பெட்டி. மணப்பாறைக்கு வந்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"போன தடவை மாதிரியே செஞ்சிடுங்க டீச்சரம்மா. பேருதான் முக்கியம், நெறம் என்ன நெறம்? நான் ஜெயிச்சு வந்தா போர்டு என்ன, கவர்னரே கையெழுத்துப் போடுவாரு" என்றார்.

அப்போதாவது எழுந்து வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் கல்யாணம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு வேறு ஆள் இல்லை, வேறு வழி இல்லை. வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை தாம்பாளமும் கிடையாது, பெண்களும் கிடையாது. நான் மட்டும் வாசலில் நின்று, மஞ்சளில் போடாதீர்கள், பச்சையில் போடுங்கள் என்று சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். யாரும் தாலியைத் தொடவில்லை.

கடைசியில் முறுக்குச் சுட்டு விற்கும் ஒரு அம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் பெண் என் வகுப்பில் படித்தாள், கெட்டிக்காரி. அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த அம்மாள் சொன்னாள்.

"நீங்க சொன்னா நான் கெணத்துலகூடக் குதிப்பேன் டீச்சரம்மா. ஆனா இது ஆவாதுங்க. மஞ்சளக் கையில வாங்கி, தாலியத் தொட்டு, அதுலதான் போடுவேன்னு சொல்லிட்டேன். இப்ப வேற பெட்டியில போட்டா அவருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? அந்த மெம்பரா வந்து பாப்பாரு?"

"அந்தத் தேர்தலுக்கு மட்டும் சொன்னதுதான் அது" என்றேன்.

"தாலிக்கு ஒரு தேர்தலு ரெண்டு தேர்தலுன்னு உண்டுங்களா?" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் வெறும் நெற்றி கண்ணில் பட்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள். சுட்ட முறுக்கில் நாலு எடுத்து இலையில் வைத்து நீட்டினாள். அவளுக்கு என்மேல் இரக்கம். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை, வாங்காமல் வந்துவிட்டேன்.

அவளைப் போலவே ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். மணப்பாறைப் பெண்கள் சாவடியில் பச்சைப் பெட்டியில் விழுந்த சீட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று நான் போட்டது. மற்ற ஊர்களிலும் அவருக்குக் காற்று மாறித்தான் இருந்தது, மணப்பாறை மட்டும் அவரைத் தோற்கடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்த ஊர் அதுதான். மஞ்சளைக் கொடுத்து அந்தக் கதவைப் பூட்டினவள் நான். அவர் கட்சி மாறிவிட்டார். அந்தப் பெண்கள் எப்படி மாறுவார்கள்? அவர்கள் கட்சிக்கா சத்தியம் செய்தார்கள்? புருஷன் உயிரின்மேல் அல்லவா செய்யவைத்தேன்.

டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு ஓட்டு வேட்டை ஆடினாள் என்று என்மேல் புகார் போயிற்று. உண்மைதானே. முதல் தடவை ஆடினதை யாரும் புகார் செய்யவில்லை. எனக்கு மாற்றல் வந்தது, துறையூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு ஊருக்கு. அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. சனிக்கிழமைகள் போயின. மாதம் ஒரு தடவை, பிறகு பண்டிகைக்கு ஒரு தடவை என்று ஆயிற்று. புத்தூருக்கு எழுதிய கடிதங்களுக்கு மெம்பர் தவறாமல் பதில் போட்டார். என்னைக் கைவிடமாட்டாராம்.

பெண்ணுக்குப் பதினாலு முடிந்ததும் கல்யாணம் செய்தார்கள். எனக்கும் ஒரு பத்திரிகை தபாலில் வந்தது. தமையனாரும் அவர் மனைவியும் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். தமையனாரைக் குறை சொல்ல மாட்டேன். நான் மாற்றல் வாங்கி வந்திருந்தால் அவர் சொன்னபடி கொடுத்திருப்பார். நான் வரவில்லை. முகூர்த்த நேரத்தில் நான் தளிகை உள்ளில் வடகம் பொரித்துக்கொண்டிருந்தேன். மேளம் கெட்டியாகக் கொட்டியபோது தாலி கட்டியாகிறது என்று தெரிந்துகொண்டேன். யாரோ ஒரு மாமி உள்ளே வந்து, "பொண்ணு லட்சணமா இருக்கா, அம்மா ஜாடை" என்றாள். எந்த அம்மாவைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

யுத்தம் முடிகிற சமயத்தில் எனக்கு ஸ்ரீரங்கத்துக்கு மாற்றல் வந்தது. யாருடைய சிபாரிசும் இல்லை. யாரோ ஒரு புது அதிகாரி, பத்து வருஷத்துக்குமேல் வெளியூரில் இருந்தவர்களை எல்லாம் ஒரு ஜாபிதா எடுத்து இடம் மாற்றினார். அதில் நடுவில் எங்கேயோ என் பெயர். நான் சந்தோஷப்படவில்லை. உத்திர வீதியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தேன். என் பெண் அப்போது திருச்சியில் மலைக்கோட்டைக்குக் கீழே மாமியார் வீட்டில் இருந்தாள். ஸ்ரீரங்கம் வந்தால் சித்திரை வீதிக்குத்தான் வருவாள். அது அவளுக்குத் தாய் வீடு. என்னைப் பார்க்கவேண்டுமென்றால் சொல்லியனுப்புவார்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மெம்பரும் அதற்குள் நாலாவது தடவை மாறி, மறுபடி கதர்க் கட்சிக்கு வந்துவிட்டார். யுத்த காலத்தில் சர்க்கார் கமிட்டிகளில் உட்கார்ந்து பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தவர், யுத்தம் முடிந்ததும் பீரோவிலிருந்து பழைய கதர்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடி சட்டசபைக்கும் போனார். இதில் எனக்கு ஆச்சரியப்பட ஒன்றும் மிச்சமில்லை. ஜனங்கள் மாலையோடு நின்றார்கள், நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நின்றேன்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை என் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் என் பெண், தனியாக. தாயாரைச் சேவிக்க வந்தேன் என்றாள். என் அறைக்கு அவள் அதற்குமுன் வந்ததே இல்லை. எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் நான் பாயை விரித்தேன், சுருட்டினேன், மறுபடி விரித்தேன். உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

"உங்களுக்கு அந்த மெம்பரை ரொம்ப நாளாத் தெரியுமாமே சித்தி. எங்காத்துக்காரரை ஓசூர் தாலுகா ஆபீஸ்ல போட்டு ஒன்றரை வருஷம் ஆறது. என்னை அங்க அனுப்ப மாமியார் சம்மதிக்கலை. திருச்சிக்கு மாத்தல் கெடைச்சாத்தான் உண்டு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்னு எல்லாரும் சொல்றா" என்றாள். மாப்பிள்ளை எழுதிய மனு அவள் கையில் இருந்தது.

மறுநாளே புத்தூர் போனேன். பங்களா வாசலில் மெம்பர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. கூட்டத்தில் என்னை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார்.

"என்ன டீச்சரம்மா, ஸ்ரீரங்கம் மாத்தல்தானே? மறக்கல, பாத்துட்டேதான் இருக்கேன்" என்றார். கார் போய்விட்டது. நான் ஸ்ரீரங்கத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மனு என் கையிலேயே இருந்தது.

திரும்பி வந்து அதை டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தேன். இன்னொரு நாள் போய்க் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். மெம்பர் வாங்கிக்கொண்டார், கவனிப்பதாகச் சொன்னார் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். நான் போட்ட காப்பியைக் குடித்தாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். கலெக்டருக்கு எழுதியிருக்கிறாராம் என்றேன். தலை பின்னிவிடட்டுமா என்று கேட்டேன், சரி என்று திரும்பி உட்கார்ந்தாள். அவள் தலையை அதற்குமுன் நான் ஒருநாளும் பின்னினதில்லை. காரியம் முடிந்துவிட்டால் இவள் எதற்கு இங்கே வரப்போகிறாள் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. அதற்குப் பிறகு நான் புத்தூர்ப் பக்கமே போகவில்லை. வாரா வாரம் சொல்வதற்கு ஏதாவது ஒரு செய்தி வைத்திருந்தேன். எனக்குத் தெரியாததா? பதினைந்து வருஷம் கேட்டுப் பழகியவள். நான் செய்வது எவ்வளவு பெரிய பாவம் என்றும் தெரிந்தேதான் செய்தேன். புருஷனிடமிருந்து அவளைப் பிரித்துவைத்து என் அறையில் உட்காரவைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை புறப்படும்போது படியில் இறங்கினவள் நின்று திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"அவருக்கு அங்க அடிக்கடி ஜுரம் வரதாம். ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலையாம். சித்திரை வீதியில சொன்னா, எல்லாம் பெருமாள் பாத்துப்பார்ங்கறா. எனக்காக அலையறது நீங்க ஒருத்தர்தான். உங்களைத்தான் நம்பிண்டிருக்கேன், அம்மா" என்றாள்.

மனு உள்ளே பெட்டியில்தான் இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே புத்தூருக்கு ஓடியிருக்கலாம். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வாடி கண்ணே, அதுக்குள்ள நிச்சயமா ஒரு பதில் வந்துடும்" என்றேன்.